கத்திரி வெயிலில் பனி

சுவிட்சர்லாந்து
11 பிப்ரவரி 2024

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

நான் சுகம். வந்த வாரம் பிடித்த சளி போய்விட்டது. நீ கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொடி பாதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறேன். உன் கால் வெடிப்பு எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு ஞானாம்பாள் அக்கா சௌக்கியமா?

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், அதனால் எழுதிக்கொள்ளலாம் என்று விமான நிலையத்தில் சொன்னாய். அது நல்லதாகப் போயிற்று. தடித்த உறையாக ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்று இங்கே வெண்பனி கொட்டியது. சாலையோரம் வாரிக் குவித்திருந்தார்கள். பார்த்ததும் நம் உப்பு அம்பாரம் என்றே நினைத்தேன். கீற்று போட்டு மூட யாரும் வரவில்லையே என்று ஒரு கணம் பதறிப்போனேன்.

என் வேலை என்ன என்று மேஸ்திரி கேட்டாரல்லவா? இப்படிச் சொல். ஒரு நாட்டில் வீடு கட்டவும் கடை வைக்கவும் அரசாங்கம் சம்பளம் போடவும் வெளிநாட்டு வங்கிகள் எவ்வளவு கடன் கொடுத்திருக்கின்றன, அவை ஒரு நாள் கையை இழுத்துக்கொண்டால் அந்த நாடு எவ்வளவு தள்ளாடும் என்று அளக்கிறோம். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வாங்கிய நாட்டை நாங்கள் கேட்பதில்லை. வாங்கியவர் குறைத்துத்தான் சொல்வார். உலகம் முழுவதும் கொடுத்த வங்கிகளைக் கேட்டு, அவை சொல்வதைக் கூட்டுகிறோம். எனக்குக் கொடுத்திருப்பது கடலோரத்து நாடு ஒன்று. பெயர் சொல்லக் கூடாது. அங்கேயும் உப்பு எடுக்கிறார்களாம்.

செப்டம்பர் வரை பயிற்சி. அறிக்கை தேறினால் நிரந்தரம்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் கோயில் முகாமில் டாக்டர் சொன்னதை மறந்துவிடாதே. இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம். மழைக்கு முன்னால் ஆபரேஷன் செய்ய வேண்டும், முற்றவிட்டால் பார்வை திரும்புவது உறுதியில்லை என்றார். சீட்டு உன் பைபிளுக்குள் இருக்கிறது. பாண்டிச்சேரிக்குப் போனாயா?

உன் தங்கை,
கிருபா

---

மாதா துணை

மரக்காணம்
3 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி கிருபாவுக்கு,

இங்கே நானும் வீடும் கோழிகளும் சுகம். கால் வெடிப்புக்கு மெழுகு உருக்கி விடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. அந்தக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு திரியாதே.

உன் கடிதம் பதினாறு நாளில் வந்தது. என் போன் மடையில் விழுந்துவிட்டது. எடுத்துக் காயவைத்தேன், உள்ளே உப்பு பூத்துவிட்டது. ஞானாம்பாள் தன் போனில் பேசலாம் என்கிறாள். அவளுக்குக் காது மந்தம். அவள் பேசுகிற சத்தத்துக்குப் போனே வேண்டாம், உனக்கு அங்கேயே கேட்கும்.

உன் வேலையை மேஸ்திரி சிவப்பிரகாசத்திடம் சொன்னேன். "ஏம்மா, வாங்கினவன் ஒழுங்கா உண்மைய சொல்லிட்டா உன் தங்கச்சிக்கு வேலையே இல்லியே!" என்றார். உப்பு வாருகிற வரிசை முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உப்பு வார ஆரம்பித்துவிட்டோம். இந்த வருஷம் பனி அதிகம். விடிந்து போனால் பாத்தி, வரப்பு, வானம் எல்லாம் ஒரே பால். எதிர் வரப்பில் கூடை சுமந்து போகிறவர்களுக்குக் கால் இல்லை, மிதந்து போகிறார்கள். ஞானாம்பாள் பேசிக்கொண்டே வருவாள், குரல் வந்த பிறகு ஆள் வருவாள். பார்க்க நன்றாக இருக்கிறது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். பாண்டிக்குப் போக வேண்டும். போகிறேன்.

அன்பு அக்கா,
ஆரோக்கியசெல்வி

---

சுவிட்சர்லாந்து
28 மார்ச் 2024

என் அக்காவுக்கு,

நலம். தலைக்குக் குளித்தால் துவட்டிவிட்டுத்தான் வெளியே போகிறேன், மாதா மேல் ஆணை.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. குரல் வந்த பிறகு ஆள் வருவாள் என்று எழுதியிருக்கிறாயே, அதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இவ்வளவு புத்தகம் படித்தும் எனக்கு இப்படி ஒரு வரி வரவில்லை. அலுவலகத்தில் எண்களைப் பார்த்துக் களைத்தால் கண்ணை மூடிக்கொண்டு உன் பனிக்குள் போய் நிற்கிறேன். யாரும் கூப்பிடாத ஓர் இடம். எல்லாம் வெள்ளை. எங்கோ கூடை வைக்கும் சத்தம்.

எனக்குக் கொடுத்த நாடு மெல்லப் பிடிபடுகிறது. எங்கோ தூரத்தில் ஒருவர் மடையை அடைக்கிறார். இங்கே பாத்தியில் நிற்பவருக்கு நாலு நாள் கழித்துத்தான் தண்ணீர் குறைவது தெரிகிறது. அந்த நாலு நாளை முன்கூட்டிச் சொல்வதுதான் எங்கள் வேலை என்று வைத்துக்கொள்.

பாண்டிக்கு எந்தத் தேதியில் போகிறாய்? தேதியை எழுது. பனியைப் பற்றியும் இன்னும் எழுது.

கிருபா

---

மாதா துணை

மரக்காணம்
6 மே 2024

கிருபாவுக்கு,

சுகம். நீ சுகமா. பதில் தாமதம், கோபிக்காதே. வேலை நெருக்கடி. உப்பு நன்றாக விளைகிறது.

பனியைப் பற்றி எழுதச் சொன்னாய். இன்னும் விடவில்லை. நடுப்பகலிலும் நிற்கிறது. கழுவேலி ஏரிப் பக்கம் பூநாரை வந்திருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். பறவை தெரியவில்லை. தண்ணீருக்கு மேல் ரோஸ் கலரில் ஒரு கோடு. கோடு மட்டும் எழுந்து பறந்தது. அன்று சாயங்காலம் நிலா இரண்டாக இருந்தது. தண்ணீரில் இருப்பதைச் சேர்க்காமல் இரண்டு.

நீ நன்றாகப் படித்து முடி. அறிக்கையைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

---

சுவிட்சர்லாந்து
24 மே 2024

மதிப்புக்குரிய ஞானாம்பாள் அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். மாமாவுக்கும் என் வணக்கம். நான் உங்களுக்கு எழுதுவது செல்வி அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

இன்று ரயிலில் என்னோடு வேலை செய்யும் ஒருவர், உங்கள் ஊரில் இப்போது என்ன காலம் என்று கேட்டார். "கத்திரி வெயில். நிழல்கூடச் சுடும்" என்றேன். என் பைக்குள் அக்காவின் கடிதம் இருந்தது. நடுப்பகலிலும் பனி நிற்கிறது என்று எழுதியிருக்கிறாள். எழுத்து ஒவ்வொன்றும் முந்திரிக்கொட்டை அளவு, வரிகள் கீழே சரிந்து போகின்றன. இத்தனையும் பார்த்துவிட்டு, எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்று ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளைக் கேட்டால் சுகம் என்பாள். அதனால் உங்களைக் கேட்கிறேன். மே மாதத்தில் மரக்காணத்தில் பனி உண்டா? ஆஸ்பத்திரிக்கு அவள் ஒரு முறையாவது போனாளா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள்
கிருபா

---

மரக்காணம்
9 ஜூன் 2024

கிருபா பாப்பாவுக்கு ஞானாம்பாள் எழுதிக்கொண்டது. நாங்க சொகமா இருக்கோம், உன் மாமாவுக்கு மட்டும் மூட்டு வலி. நான் அஞ்சாவது வரைக்கும்தான். பேசுறாப்பலயே எழுதுறேன், திருத்திப் படிச்சுக்கோ.

கத்திரி வெயிலுல பனியா? உனக்கு அங்க குளுருல மூளை மரத்துப்போச்சா? தாரு உருகி செருப்புல ஒட்டுது. அவ கண்ணுலதான்டி பனி.

நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வீட்டுப் பக்கமே வர மாட்டா. ஆனா நீ கேட்டுட்ட. பாண்டிக்கு ஒரு தடவகூடப் போவல. வரப்புல காலால தடவித்தான் நடக்குறா. பாத்தியிலேருந்து அம்பாரம் வரைக்கும் நாப்பத்தியோரு அடி, எண்ணிக்கிட்டே போறா. போன வாரம் ஒரு நாய் குறுக்க வந்துச்சு, எண்ணிக்கை தப்பிப்போச்சு, கூடையோட உழுந்தா. முட்டி பேந்துபோச்சு. மேஸ்திரி ஓடியாந்தாரு. "என்னாம்மா, பட்டப்பகல்ல பாத்தி தெரியல?"ன்னாரு. "உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே வந்தேன், வழி தப்பிடுச்சு"ன்னா இவ. சனமே சிரிச்சுது. அதோட அந்தப் பேச்சு போச்சு. அவளுக்கு வாய் மட்டும் நல்லாத் தெரியுது.

"ஏன்டி போவமாட்டேங்கிற?"ன்னு சண்ட போட்டேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டா மூணு மாசம் உப்பு வெளிச்சத்துல நிக்கக் கூடாதாம், வரிசையில வேற ஆளப் போட்டுடுவாங்களாம். அது ஒண்ணு. இன்னொண்ணு நீ. "அவளுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவா, நான் வளத்தது அதுக்கா?"ங்கிறா. அம்மா செத்தப்ப நீ நாலு வயசு. அவ உன்ன எடுத்தவ எறக்கவே இல்ல.

என்னா செய்யணுமோ செய். சீக்கிரம் செய்.

ஞானாம்பாள்

---

சுவிட்சர்லாந்து
25 ஜூன் 2024

அக்கா,

நான் சுகம். நீ சுகமில்லை. இந்த முறை அதை நான் சொல்கிறேன்.

ஞானாம்பாள் அக்காவைத் திட்டாதே. நான் கேட்டேன், அவர் சொன்னார். நாற்பத்தியோரு அடி. இந்த எண் என்னைத் தூங்கவிடவில்லை. அலுவலகத்தின் நடைபாதையில் எண்ணிப் பார்த்தேன். என் மேசையிலிருந்து ஜன்னல் வரைக்கும்கூட அவ்வளவு இல்லை. தலையில் கூடையோடு, ஒன்றும் தெரியாத வெள்ளையில் நீ ஒரு நாளைக்கு எத்தனை முறை எண்ணியிருப்பாய்?

உன்மேல் கோபம் இல்லை. என்மேல்தான். உன் கண் போய்க்கொண்டிருந்ததை நான் குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தை இப்போது திறக்க முடியவில்லை.

நான் வருகிறேன். உன்னை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

கிருபா

---

மாதா துணை

மரக்காணம்
14 ஜூலை 2024

கிருபா,

ஒரு பக்கத்துக்கு அஞ்சு வரிதான் எழுத முடிகிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நீ வராதே. வேலையை விட்டுவிட்டு நீ என் வாசலில் வந்து நின்றால், நான் ஆஸ்பத்திரிப் படியை மிதிக்க மாட்டேன். என் குணம் உனக்குத் தெரியும்.

நீ அங்கேயே இருந்து அறிக்கையை முடி. அதற்குப் பதிலாக நான் ஆபரேஷன் செய்துகொள்கிறேன். ஆகஸ்ட் 12க்குச் சீட்டு வாங்கியாயிற்று. ஞானாம்பாள் கூட வருவாள். முதலில் வலது கண்.

வாக்குக் கொடுத்து எழுது. உன் கடிதம் வந்தால்தான் பஸ் ஏறுவேன்.

அக்கா

---

4 ஆகஸ்ட் 2024

என் செல்வி அக்காவுக்கு,

நீ கேட்ட வாக்கைக் கொடுக்கிறேன். நான் இருக்கும் இடத்தில் இருந்து என் வேலையைப் பார்ப்பேன். உன் வாசலில் வந்து நிற்க மாட்டேன். நீ பஸ் ஏறு.

ஞானாம்பாள் அக்கா இதைப் படித்துக் காட்டும்போது தெருவுக்கே கேட்கும். கேட்கட்டும்.

என் கடலோரத்து நாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணக்கில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். எல்லை தாண்டி வந்த கடனை மட்டும் கூட்டியிருந்தேன். அந்த நாட்டுக்குள்ளேயே, அந்த ஊர்ப் பெயரை மாட்டிக்கொண்டு, தெருமுனையில் கிளை வைத்து, அந்த ஊர்ப் பணத்திலேயே கடன் கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. விசாரித்தால் பாதிக்கு மேல் வெளிநாட்டாருடையவை. பக்கத்தில் இருப்பதாலேயே அவற்றை உள்ளூர் என்று விட்டுவிட்டேன். என் எண்ணைப் பார்த்தால் அந்த நாடு திடமாக நிற்பது போலத் தெரியும். உண்மையில் அது நிற்கும் தரையில் பாதி வேறு யாருடையதோ. அறிக்கை மேலே போன பிறகுதான் கண்டுபிடித்தேன். யாரும் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

இங்கே இன்று மழை. சின்ன மழை, மண் வாசனை வரும் அளவுக்கு.

அறை மாறிவிட்டேன். புது முகவரியைப் பிறகு தருகிறேன். கண் ஆறும்வரை நீ எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போர்வை எடுத்துப் போ.

கிருபா

---

18 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ஞானாம்பாள் அக்கா தகவல் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று இறங்கியது.

மருந்தை நேரத்துக்கு விடு. தலையைக் குனிந்து பாத்திரம் தேய்க்காதே. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே. அழகுக்கு என்று நினைத்துப் போட்டுக்கொள். கட்டிலுக்கு மேலே அந்த மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்ததே, அதற்குக் கீழே மூன்று நாள் எப்படித் தூங்கினாய்? இப்போது வீட்டில் நன்றாகத் தூங்கு.

நேற்று ஒரு கனவு. நீயும் நானும் வரப்பில் நடக்கிறோம். பனி. நீ எண்ணிக்கொண்டே போகிறாய். நாற்பத்தொன்றுக்குப் பிறகும் எண்ணுகிறாய். அம்பாரம் வரவே இல்லை, ஆனால் உனக்குப் பயமும் இல்லை.

கிருபா

---

1 செப்டம்பர் 2024

அக்கா,

நலம், நலமறிய ஆவல். எழுத ஒன்றுமில்லை. உனக்குக் கடிதம் வராமல் இருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அடுத்த கடிதத்தை நீயே படிப்பாய்.

கிருபா

---

மாதா துணை

மரக்காணம்
22 செப்டம்பர் 2024

அன்புத் தங்கச்சி கிருபாவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இந்த முறை பழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

கண் தெரிகிறது. முதல் நாள் ஞானாம்பாளைப் பார்த்தேன். "என்னாடி இவ்ளோ நரைச்சுட்ட?" என்றேன். "உன்னவிடக் கம்மிதான், போய்க் கண்ணாடியப் பாரு" என்றாள். கண்ணாடியையும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உப்பளம் ஓரமாக நடந்தேன். சாயங்காலம் வெயில் அடங்கியதும் ஒரு நிமிஷம் கழற்றிப் பார்த்தேன், திட்டாதே. உப்பு வெள்ளை இல்லை கிருபா. நீலம். ஓரத்தில் அப்படி ஒரு நீலம். இத்தனை வருஷம் தலையில் சுமந்தேன், தெரியவில்லை. பனி போய்விட்டது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

வரிசையில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார் மேஸ்திரி. போகட்டும், இன்னும் ஒரு மாதத்தில் மழை, யாருக்கும் வரிசை இல்லை. ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

பொழுது போகாமல் உன் கடிதங்களை எடுத்து நானே படித்தேன். உன் எழுத்து இவ்வளவு சின்னதா? ஆறு உறை. ஆறும் ஒரே மாதிரித் தடித்த உறை. தடவிப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. முதல் மூன்றில் வெளிநாட்டு ஸ்டாம்பு. கடைசி மூன்றில் நம் ஊர் ஸ்டாம்பு. உள்ளே பார்த்தால், அந்த மூன்றிலும் தேதி இருக்கிறது, ஊர்ப் பெயர் இல்லை.

உன்னைக் கேட்டால் நீ சொல்ல மாட்டாய். அதனால் நீ செய்கிற மாதிரியே செய்தேன். கொடுத்தவனைக் கேட்டேன். போஸ்ட்மேன் பலராமன் வந்ததும் உறையை நீட்டினேன்.

"ஏம்பா, இது எங்கேருந்து வந்துச்சு?"

"மெட்ராஸ்தான்க்கா. திருவல்லிக்கேணி முத்திர இருக்குதே. போட்டா ரெண்டு நாள்ல வந்துடும்."

"மூணுமா?"

"மூணுந்தான்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலியேக்கா."

ஞானாம்பாளைப் பிடித்தேன். "காது கேக்கலடி" என்றாள். அவளுக்கு வேண்டாத எதுவும் அவளுக்குக் கேட்காது. அரை மணி நேரம் கழித்து, அரிசி டின்னுக்குள்ளிருந்து உன் ஹாஸ்டல் முகவரியை எடுத்துக் கொடுத்தாள். "எதுக்கும் இருக்கட்டும்னு பாப்பாதான் எழுதிக் குடுத்துச்சு. உனக்குத் தெரிஞ்சா நீ ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டியே" என்றாள். அதுவும் நிஜம்தான். வந்திருக்க மாட்டேன்.

கடல் தாண்டி வந்ததாக நான் நினைத்த மூன்றும் உள்ளூர். உன் தப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என் தப்பு.

அந்த மின்விசிறி. டக் டக்கென்ற அந்தச் சத்தத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞானாம்பாள் காதுக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கட்டுப் போட்டிருந்த இரண்டாம் நாள் மத்தியானம், வராந்தாவில் யாரோ வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்கள். மூச்சுச் சத்தம் கேட்டது. நர்ஸ் என்று நினைத்துத் தண்ணீர் கேட்டேன். டம்ளரை என் கையில் வைத்து, நான் குடித்து முடிக்கிறவரை அடியில் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. நர்ஸுக்கு ஏது அவ்வளவு நேரம்?

வேலை என்ன ஆயிற்று என்று எழுதாதே. நீ போய் உண்மையைச் சொன்னதாக எழுதியிருந்தாயே, எனக்கு அது போதும். மீதியை வந்து சொல். நான் கத்துவேன், நீ அழுவாய், நடக்கட்டும்.

இடது கண்ணுக்கு அக்டோபர் மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே வார்டு. இந்தத் தடவை வராந்தாவில் நிற்காதே. உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்.

அக்கா,
ஆரோக்கியசெல்வி